பல்க் கட்டிங்குக்கு முன்னால் ஒரு சாம்பிள்… சாஃப்ட்வேருக்கும் அதே கணக்குதான்!

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் இருக்கிற அந்த கட்டிங் மாஸ்டருக்கு மகள் மேல் ஒரே ஒரு குறை. ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்கு வருவதில்லை. வங்கி ஒன்றின் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் பராமரிப்பு அவள் வேலை. வங்கியில் கூட்டம் குறைவான நேரத்தில்தான் அதைத் தொட முடியும்.

"ஏங்கண்ணு, என் போன்ல தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள அப்டேட் ஆயிருது. உங்களுக்கு மட்டும் எதுக்கு மாசக்கணக்குல ஆகுது?"

"பையர் ஓகே பண்ணாம நீங்க பல்க் கட்டிங் போடுவீங்களாப்பா?"

அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மெயின்ஃப்ரேம் நமக்குப் புதிதல்ல. 1973-லேயே சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அந்த வம்சத்து இயந்திரங்கள் இன்றும் உலகின் பெரிய வங்கிகளில் ஓடுகின்றன. அவற்றில் அப்டேட் போட எஸ்.எம்.பி./ஈ என்ற கருவி இருக்கிறது.

திருத்தம் வந்ததும் 'ரிசீவ்'. நூலை குடோனில் இறக்குவது போல. இன்னும் எதுவும் மாறவில்லை. அடுத்து 'அப்ளை செக்', அதாவது ஒத்திகை. பிறகு 'அப்ளை'. ஓடுகிற பிரதியில் மட்டும் திருத்தம் ஏறும். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை சீல் வைத்துத் தனியே எடுத்துவைப்பார்களே, அதுபோல மூலப்பிரதி தொடப்படாமல் இருக்கும். சிக்கல் வந்தால் 'ரீஸ்டோர்'. பழையபடி ஆகிவிடும். போதுமான நாள் ஓட்டிப் பார்த்து நம்பிக்கை வந்த பிறகே 'அக்செப்ட்'. அதற்கப்புறம் அப்படித் திரும்ப முடியாது. மாதங்கள் ஆவது இதனால்தான்.

லினக்ஸின் பலம் வேறு. பனியன் தயாராக இருந்தாலும் லேபிளோ பாலிபேகோ வராவிட்டால் சரக்கு நிற்கும் அல்லவா? சாஃப்ட்வேரிலும் ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும். 1993-ல் தொடங்கிய டெபியன் லினக்ஸில் 'ஏ.பி.டி.' என்ற கருவியிடம் ஒன்றைக் கேட்டால், அதற்கு வேண்டிய மற்றவற்றையும் தானே கணக்கிட்டு இணையக் கிடங்கிலிருந்து கொண்டுவந்துவிடும். வேலை நிமிடங்களில் முடியும். ஆனால், போட்டதைத் திருப்புவதற்கு மெயின்ஃப்ரேமில் இருப்பது போன்ற ஏற்பாடு அதில் இல்லை. அதனால்தான் அனுபவஸ்தர்கள் அப்டேட்டுக்கு முன் மொத்த சிஸ்டத்தையும் நகல் எடுத்துவைக்கிறார்கள்.

வேகத்தில் இருக்கிற ஆபத்து 2024 மார்ச் மாதம் தெரிந்தது. 'எக்ஸ்.இசட்.' என்ற சிறிய லினக்ஸ் சாஃப்ட்வேரை ஒரு தன்னார்வலர்தான் பெரும்பாலும் கவனித்துவந்தார். உதவுவதாக வந்து, வருடக்கணக்கில் நம்பிக்கை பெற்ற ஒருவர், அதற்குள் திருட்டுக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைப் பிரிவுகள் வரை அது வந்துவிட்டது. 'ஸ்டேபிள்' பதிப்புக்குள் நுழையவில்லை. காரணம், அங்கேயும் சாம்பிள் பார்க்காமல் பல்க் போகாது.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருப்பதும் தவறு. கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பதற்குத்தான் பெரும்பாலான பாதுகாப்பு அப்டேட்டுகள் வருகின்றன. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸின் மேல்தான் ஓடுகிறது. அதில் பாதுகாப்பு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கம்பெனி பில்லிங் சிஸ்டம் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். முதலில் பேக்கப் எடுங்கள். அந்த பேக்கப் திறக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் அப்டேட் செய்து, ஒரு நாள் பில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். ஷிப்மென்ட் நாளன்று மட்டும் அந்த பட்டனைத் தொடவே தொடாதீர்கள்!