41 விநாடிகள்

தாத்தா இறந்தது 2012இல். அவர் அசைந்து நிற்கிற படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். 2008இல், லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வாசலில், மாமாவின் பழைய கைப்பேசியில் நான் எடுத்த 41 விநாடி. பத்து வயசுப் பையன் கை. படம் முழுக்க ஆட்டம்.

போன டிசம்பரில் அலமாரியை ஒதுக்கும்போது அந்த மெமரி கார்டு அம்மாவிடம் கிடைத்தது. "இத டிவியில பாக்குற மாதிரி பண்ண முடியுமாய்யா?" உள்ளூர் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தவன் நான். ரைஸ் குக்கர் முதல் வைஃபை வரை வீட்டில் எது கெட்டாலும் என் தலையில்தான் விழும்.

மடிக்கணினியில் ரொம்ப நாளாகக் கிடந்த ஒரு மென்பொருளில் கோப்பைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பச்சை டிக் வந்துவிட்டது. டிவியில் ஓட்டினோம். தாத்தா வந்தார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

"பசியாறியாச்சான்னு கேக்குறாரு" என்றார் அம்மா, உதட்டைப் பார்த்து. அன்றிரவு நாலு தடவை போடச் சொன்னார். மைக் கெட்டிருக்கும் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். கார்டைக் குப்பையில் போடவும் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் மூலக் கோப்பைத் திறந்து ஆராய்ந்தேன். வீடியோ கோப்பு என்பது அடுக்குச் சட்டி மாதிரி. ஒரு அடுக்கில் படம், இன்னொன்றில் சத்தம். 3ஜிபி என்பது வெறும் மூடியின் பெயர். இதில் சத்த அடுக்கு பத்திரமாக இருந்தது: ஏஎம்ஆர், 8000 ஹெர்ட்ஸ், மோனோ. என் மென்பொருளுக்கு அந்த அடுக்கைத் திறக்கத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டிக் காட்டியிருக்கிறது.

ஏஎம்ஆர், கைப்பேசி உரையாடலுக்காக 1999இல் ஏற்கப்பட்ட முறை. 20 மில்லிவிநாடிக்கு ஒரு துண்டாகக் குரலை நறுக்கி, விநாடிக்கு அதிகபட்சம் 12.2 கிலோபிட்டில் அடக்கும். மனிதக் குரலுக்காகவே செய்தது, இசைக்கு ஆகாது. இதையெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சையில் மார்க் வாங்கியவன்தான் நான். வீட்டுக்குள் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

எஃப்எஃப்எம்பெக் இதை நன்றாகவே படிக்கும். ஒரே வரிக் கட்டளை. படத்தை எச்.264க்கும் சத்தத்தை ஏஏசிக்கும் மாற்றினேன். டிவி தகராறு பண்ணக்கூடாது என்று 8000 ஹெர்ட்ஸை 44,100க்கு ஏற்றினேன்.

முதலில் இரைச்சல். தூரத்தில் ரயில், ரெங்கத்திலிருந்து கூலாய்ப் பக்கம் போவது. ஏஎம்ஆர் அதை அரைத்துக் கூழாக்கியிருந்தது. அப்புறம் தாத்தா, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி: "மழ வர்ற மாதிரி இருக்கு. துணிய எடும்மா."

படத்துக்கு வெளியே ஒரு பெண் குரல்: "இதோ வர்றேம்பா."

அம்மா படத்தில் எங்கேயும் இல்லை. அன்றைக்கு அங்கே இருந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. மறுபடி போடச் சொன்னார். இந்த முறை டிவியைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்குரலு அப்ப இப்படியா இருந்துச்சு?" என்றார் கடைசியில்.

கார்டு இப்போது சாமி மேடை டிராயரில் இருக்கிறது. பச்சை டிக்கை நம்பி மூலக் கோப்பை அழிக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.