"அருவியில குளிச்சியா?"

சீசன் நேரத்தில் ஐந்தருவிக்கு வந்திருந்தால் அவ்வாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கவனித்திருக்க மாட்டீர்கள். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் ஷாம்பு உறைகளையும் எண்ணெய்க் குப்பிகளையும் ஈரத்தோடு விட்டுப்போன துணிகளையும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு ஒருவர் போவாரே, அவர்தான். அருவியில் சோப்பு, ஷாம்பு போடக் கூடாது என்று தடை இருக்கிறது. தடை இருந்தும் அவருடைய சாக்கு தினமும் நிறைகிறது.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அருந்ததியர் தெருவைச் சேர்ந்தவர். வீட்டில் தெலுங்கு பேசும் அந்தத் தெருவில் பாட்டியை அவ்வா என்பார்கள். நாங்களும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி. போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

இரண்டு சீசன்களுக்கு முன்பு அவ்வாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கால் வைக்கும் இடம் பாசியா பாறையா என்று தெரியாமல் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். அந்தத் தெருவில் வேலை செய்யும் நாங்கள் இருவர்தான் இலவச முகாமுக்கு அவர் பெயரைக் கொடுத்தோம். வேனில் கூட்டிப்போய், செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் அறுவை செய்து, புதன்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு திருப்பி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் பேத்தியின் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "ஏட்டி, நீ இம்புட்டுக் கறுப்பா?" என்று சிரித்தார். தெருவே சிரித்தது. இனி இந்தத் தெருவில் யாருக்கும் முகாமைப் பற்றி எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை, அவ்வாவே சொல்லிவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம்.

சனிக்கிழமை ராத்திரி கண் குத்த ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டார்கள். திங்கட்கிழமை காலையில் பேத்தி எங்களுக்குப் போன் செய்தாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது இமை வீங்கி, கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. "வெளக்க அணைச்ச மாதிரி இருக்கு தாயி" என்றார்.

அப்போது நாங்கள் கேட்ட முதல் கேள்வி இது: "தலைக்குக் குளிச்சீங்களா அவ்வா? அருவிப் பக்கம் போனீங்களா?"

"இல்ல தாயி. ஈரத்துணிய வச்சு மேலத் தொடச்சதோட சரி."

நாங்கள் முழுதாக நம்பவில்லை. இதை இங்கே எழுதாமல் விட்டால், கீழே எழுதுவதற்கு எங்களுக்குத் தகுதி இல்லை.

அறுவை செய்த இடத்துக்குப் போன் செய்தோம். "அருவியில குளிச்சிருப்பாங்க" என்றார்கள். கொடுத்த சொட்டு மருந்தைத் தொடர்ந்து போடச் சொன்னார்கள். மனம் ஒப்பாமல், ஆட்டோ பிடித்துத் தென்காசியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சீட்டு எழுதியவர் ஊர் கேட்டார், தெரு கேட்டார். தெருப் பெயரைச் சொன்ன பிறகு வந்த கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. "அருவியில குளிச்சியா? வீட்டுல பன்னி வளக்கீங்களா? சுத்தபத்தமா இருக்கணும்னு சொல்லி அனுப்பலியா?" அறுபது வயதுப் பெண்ணை ஒருமையில் கேட்டார். எப்போதிருந்து வலிக்கிறது என்று கேட்கவில்லை. அங்கே எங்களுக்கு இரண்டு மணி நேரம் போனது.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்ததுமே திருநெல்வேலிக்குப் போகச் சொல்லிவிட்டார். ஐந்தருவியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. அங்கே இருந்த இளம் மருத்துவர் கேட்டவை இரண்டே கேள்விகள். "எப்பலேர்ந்தும்மா வலி?" என்றார். பிறகு முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி, "ஆடுறது தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றார் அவ்வா. "அப்ப நேரம் இருக்கு" என்றார் மருத்துவர்.

அந்த இரண்டு கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் மருத்துவத்தை அன்றைக்குத்தான் படித்துத் தெரிந்துகொண்டோம். இந்த நோய்க்குப் பெயர் எண்டாஃப்தல்மைடிஸ். கண்ணுக்கு வெளியே வரும் மெட்ராஸ் ஐ போன்றது அல்ல. கண்ணுருண்டைக்கு உள்ளே கிருமி புகுந்துவிடுவது. அறுவை முடிந்து பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வலி, சிவப்பு, இமை வீக்கம், இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தெளிவாகி வந்த பார்வை திடீரென்று மங்குவது. கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாகச் சீழ் தேங்கி நிற்பதும் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி போன்ற திரவத்தில் கிருமி பெருகும்போது விழித்திரை சேதமாகிக்கொண்டே போகும். மணிக்கணக்கில் நிலைமை மாறக்கூடியது. இமையில் விடும் சொட்டு மருந்து போதுமான அளவு உள்ளே எட்டாது. அதனால் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். முதலில் உள்ளிருந்து கொஞ்சம் திரவத்தை எடுத்து எந்தக் கிருமி என்று பார்க்க அனுப்புவார்கள். அதே நேரத்தில் வான்கோமைசின், செஃப்டாசிடிம் என்ற இரண்டு மருந்துகளை மிகச் சிறிய அளவில் உள்ளே செலுத்துவார்கள்.

அமெரிக்காவில் 420 நோயாளிகளிடம் நடத்தி 1995இல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் இதற்கு அடிப்படை. கை அசைவாவது தெரிகிறவர்களுக்கு ஊசியோடு தொடங்கலாம். வெளிச்சம் மட்டுமே தெரியும் நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு, உள்ளே இருக்கும் திரவத்தையே வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி என்ற அறுவையை உடனே செய்தால் பலன் அதிகம். நரம்பு வழியாக ஏற்றிய மருந்து கூடுதல் பயன் தரவில்லை. ஆக, மருத்துவர் கையை ஆட்டிக் காட்டியது சும்மா இல்லை. எந்தச் சிகிச்சை என்பதையே அது தீர்மானிக்கிறது. குளித்தாயா, பன்றி வளர்க்கிறாயா என்ற கேள்விகளால் அந்த நேரத்தில் தீர்மானிக்க முடிவது எதுவும் இல்லை.

சில நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி. மனிதத் தோலிலும் இமை ஓரத்திலும் சாதாரணமாக வாழ்வது. "இது என் இமையிலயும் இருக்கு, உங்க இமையிலயும் இருக்கு. யார் தப்பும் இல்ல" என்றார் மருத்துவர். ஐந்தருவித் தண்ணீரை அந்தத் தாள் குற்றம் சொல்லவில்லை. அவ்வாவின் வீட்டையும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளைத் தெருவில் யாரிடம் காட்டுவது? "தண்ணியில விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டா" என்ற பேச்சு எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது.

ஒரே நாளில், ஒரே இடத்தில், பலருக்குக் கண் போன நிகழ்வுகளை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008 ஜூலையில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் கடுவனூரில் இலவச முகாம் நடந்தது. தேர்வானவர்களுக்குப் பெரம்பலூரில் இருந்த ஜோசப் கண் மருத்துவமனைக் கிளையில் அறுவை செய்தார்கள். 66 பேர் பார்வை இழந்தார்கள். வழக்கு சிபிஐக்குப் போய், 2018இல்தான் திருச்சி நீதிமன்றம் மூன்று பேருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. பத்து ஆண்டுகள். 2021 நவம்பர் 22 அன்று பீகாரின் முசாஃபர்பூரில் ஒரு கண் மருத்துவமனையில் ஒரே நாளில் 65 பேருக்கு அறுவை செய்தார்கள். தொற்று பரவியதில் குறைந்தது 15 பேரின் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. 65 பேரும் ஒரே நாளில் அசுத்தமாக இருந்திருப்பார்களா? இப்படிக் கூட்டமாக வரும் தொற்றுக்குக் காரணத்தை அறுவை அரங்கில்தான் தேட வேண்டும்: கண்ணைக் கழுவும் திரவம், சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத கருவி, ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே விடாத இடைவெளி.

இதே தொற்று வசதியானவர்களைத் தொட்டால் என்ன நடக்கும்? 2022-23இல் சென்னைக்கு அருகே தயாரான கண் சொட்டு மருந்தைப் பயன்படுத்திய அமெரிக்கர்களுக்கு, மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி தொற்றியது. 18 மாநிலங்களில் 81 பேர். 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணை அகற்றினார்கள், 4 பேர் இறந்தார்கள். அந்நாட்டு நோய்த்தடுப்பு நிறுவனம் வெவ்வேறு மாநிலங்களில் கிடைத்த கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டு, எல்லாம் ஒரே வகை என்று கண்டு, சொட்டு மருந்துக் குப்பி வரை வந்தது. கையைக் கழுவினாயா என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்ளவில்லை. கிருமியைத் தேடினார்கள். எங்கள் தெருவில் ஆளைத் தேடுகிறார்கள்.

பாதிக்கப்பட்டவரையே பழிப்பது என்று சமூகவியலில் இதற்குப் பெயர் உண்டு. வில்லியம் ரயன் 1971இல் அந்தப் பெயரிலேயே புத்தகம் எழுதினார். வகுப்பறையில் நாங்கள் அதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆனால் இந்த மண்ணில் அதற்கு ரயன் அறியாத ஒரு முகம் இருக்கிறது. இங்கே 'சுத்தம்' என்ற சொல்லே சாதியின் சொல். அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் நினைவுக் குறிப்பில் 1929இல் கத்தியவாரில் நடந்த ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். தீண்டப்படாத ஆசிரியர் ஒருவரின் மனைவி பிள்ளை பெற்ற சில நாளில் நோயுற்றுக் கிடக்கிறார். மருத்துவர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுத்து, அதே வழியில் திருப்பி வாங்கிக்கொள்கிறார். தொடாமலே பார்த்த வைத்தியம். அந்தப் பெண் இறந்துபோனார். இன்று அவ்வாவை யாரும் தொட மறுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தொடுவதற்கு முன்பு தெருப் பெயர் கேட்கப்பட்டது. தெருப் பெயருக்குப் பிறகு நோய்க்குக் காரணமும் முடிவாகிவிட்டது. தேடவே தேவையில்லாத காரணம்.

அறுவைக்குப் பின் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, தூசியில் போகாதே, கண்ணைக் கசக்காதே என்ற அறிவுரைகள் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆறாத வெட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் போனால் ஆபத்துதான். ஆனால் அருவிக்கரையில் குப்பை பொறுக்குபவரிடம் 'ஓய்வெடு' என்று சொல்வது, அத்தனை நாள் கூலியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. அவ்வா கூலியை விட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தார், அதுவும் சீசனில். அந்த இழப்பை எந்தச் சீட்டிலும் எழுத இடமில்லை. கையில் கொடுத்த அறிவுரைத் தாளைப் படிக்க அவருக்குத் தெரியாது. எந்த அறிகுறி வந்தால் ஓடி வர வேண்டும் என்று வாயால் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரிக்கும் திங்கட்கிழமை மதியத்துக்கும் நடுவே போன நேரத்தில் பாதிக்கு நாங்களும் பொறுப்பு. நாங்களும் சொல்லிவைக்கவில்லை.

தடுக்கவும் வழி இருக்கிறது. அறுவைக்கு முன் கண்ணில் போவிடோன் அயோடின் விடுவது, முடிந்ததும் கண்ணுக்குள் ஆண்டிபயாடிக் செலுத்துவது. மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைகள் ஏறத்தாழ 6 லட்சம் அறுவைகளின் கணக்கை 2017இல் வெளியிட்டன. அறுவையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள் வைக்கத் தொடங்கிய பிறகு, பத்தாயிரத்துக்கு 7 பேருக்கு வந்த தொற்று 2 பேராகக் குறைந்தது. அங்கே வந்ததிலும் பெருவாரியானவர்கள் ஏழைகள்தான். அவர்களுடைய வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, குளிக்கும் தண்ணீர் மாறவில்லை. அரங்கில் செய்வது மாறியது. தொற்று குறைந்தது.

அவ்வாவுக்கு இரண்டு முறை ஊசி போட்டார்கள். கண் தப்பியது. கண்ணாடி போட்டால் எதிரில் நிற்பவர் யாரென்று தெரிகிறது. முன்பு போலப் பேத்தியின் நிறம் வரை தெரிவதில்லை. இடது கண்ணில் புரை அப்படியே இருக்கிறது. போன மாதம் அதைப் பற்றிப் பேசப் போனோம்.

"பண்ணிக்கிடலாம் தாயி. கெட்டுப்போனா மறுபடியும் என்னையத்தான கேப்பாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீயும் அதத்தான மொதல்ல கேட்ட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்களால் பேச முடியவில்லை.

அந்தத் தெருவிலிருந்து அதற்குப் பிறகு ஒருவர் கூட முகாமுக்கு வரவில்லை. ஒரு கிருமியால் ஒரு கண்ணின் பார்வை குறைந்தது. அந்தக் கேள்வியால் ஒரு தெருவே அறுவையை வேண்டாம் என்று சொல்லிப் புரையோடு உட்கார்ந்திருக்கிறது. புரை அறுவை பல லட்சம் பேருக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுத்த வைத்தியம்; அதை எங்கள் மக்கள் இழப்பதில் எங்களுக்குச் சம்மதம் இல்லை. அதனால் முகாம் நடத்துகிறவர்களிடம் மூன்றைக் கேட்கிறோம். அறிகுறிகளை வாயால், நோயாளிக்குப் புரியும் பேச்சில் சொல்லி அனுப்புங்கள். ராத்திரியிலும் எடுக்கும் ஒரு போன் நம்பரையும், திரும்பி வர வண்டியையும் கொடுங்கள். ஓய்வு நாள்களுக்குக் கூலி கொடுக்கும்படி ஒப்பந்தக்காரருக்கு எழுதுங்கள். அந்தத் தாளை வைத்துச் சண்டை போடுவது எங்கள் வேலை.

நம் தெருக்களில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒன்று. அறுவை செய்துகொண்டவருக்கு வலி கூடினால், சிவந்தால், இமை வீங்கினால், பார்வை மங்கினால், மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். அறுவை செய்த இடத்துக்கோ பெரிய கண் மருத்துவமனைக்கோ அன்றைக்கே கூட்டிப்போங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும். வழியில் ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், எப்போதிருந்து வலிக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.