பச்சைப் பொத்தான்

எழுத்தை நம்பிப் பிழைப்பவன் நான். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன் அச்சுப் பிழையைத் தேடுவேன். அப்படிப்பட்டவனை ஒரு பச்சை வர்ணம் ஏமாற்றிவிட்டது என்றால் நம்புவீர்களா?

சென்ற மாதம் ஊருக்குப் போக ஒரு வலைத்தளத்தில் பஸ் டிக்கெட் வாங்கினேன். பணம் கட்டும் இடத்தில் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று இருந்தது. அதற்குக் கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு வரி. விரல் பச்சைக்குத்தான் போயிற்று. டிக்கெட்டோடு, நான் கேட்காத பிரயாண இன்ஷூரன்ஸும் வந்து சேர்ந்தது. "இன்ஷூரன்ஸ் வேண்டாம்" என்பதுதான் அந்தச் சாம்பல் வரி!

நஷ்டம் பெரிதல்ல. ஆனால் பொத்தானின் மேல் "இன்ஷூரன்ஸுடன் தொடர்க" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காதவன் நான். கார்டு பச்சைக் கொடி காட்டினால் ரயில் நகரும் என்று சிறு வயதிலிருந்து பழகிய கண் செய்த காரியம் இது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

என் அக்கா மகனுக்கு வலைத்தளம் அமைப்பதுதான் தொழில். அவனிடம் இந்தத் தத்துவத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"பச்சைக்கு அவ்வளவு மகிமை இல்லை, மாமா. அது சிவப்பாக இருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பீர்கள். பக்கத்தில் இருப்பதை மங்க வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்."

கூகிள் கம்பெனியில் ஒரே நீலத்துக்காக 41 சாயல்களைச் சோதித்த கதையையும் சொன்னான். இப்படி எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்பது பிடிக்காமல் டக்ளஸ் போமன் என்ற வடிவமைப்பாளர் 2009-இல் அங்கிருந்து விலகினாராம். நம் நாட்டிலும் 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய தந்திரங்களில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. ஒன்றைத் தூக்கிக் காட்டி மற்றதை மறைப்பது அவற்றில் ஒன்று.

"பார்த்தாயா, அயோக்கியத்தனம்!" என்றேன் உற்சாகமாக.

அவன் பேசாமல் என்னுடைய வலைத்தளத்தைத் திறந்து காட்டினான். அவன் அமைத்ததுதான், வர்ணம் மட்டும் என் உத்தரவு. வெள்ளையில் மெல்லிய சாம்பல் எழுத்து. இலக்கியத்துக்கு அதுதான் அடக்கம் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டி. என் பக்கம் 3-ஐக்கூட எட்டவில்லை.

"அப்போதே சொன்னேன், மாமா. நீங்கள் கேட்கவில்லை."

எனக்குச் சுரீரென்றது. இரண்டு வருஷங்களுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் என் கதைகளைத் தளத்தில் படிக்க முடிவதில்லை என்று. கண்புரைக்கு இப்போது சுலபமான சிகிச்சை இருக்கிறது என்று நான் பெருந்தன்மையோடு ஆறுதல் சொல்லிப் பதில் போட்டேன். புரை இருந்தது அவர் கண்ணில்தானா?

பஸ் கம்பெனிக்காரன் காசுக்காக மறைத்தான். நான் அழகுக்காக மறைத்தேன். படிக்க முடியாமல் போனவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்றிரவே எழுத்தைக் கறுப்பாக மாற்றச் சொன்னேன். அந்த அம்மாளுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். கறுப்பு மையில், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

பதில் இன்னும் வரவில்லை.