உங்கள் முழங்காலுக்கு நீங்களே முடிவெடுங்கள்

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலில்தான் வந்து நிற்கிறது. யார் ஊசி போட்டுக்கொண்டார், யார் ஆபரேஷன் செய்துகொண்டார், யாருக்குச் சரியாக வந்தது, யாருக்கு வரவில்லை என்று எல்லா விவரமும் வந்துவிடும். "சரி, நீங்கள் என்ன முடிவு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்: "பிள்ளைகள் என்ன சொல்கிறார்களோ, பார்ப்போம்." எழுபத்து மூன்று வயதில், மாற்றிய முழங்காலோடு நடமாடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், பிள்ளைகளோடு கலந்து பேசுங்கள். முடிவை மட்டும் காலுக்குச் சொந்தக்காரர்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்திலேயே இரண்டு முடிவுகள் இருக்கின்றன. எனக்கும் என் அண்ணனுக்கும் மூட்டுத் தேய்மானம். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் இருவருக்குமே குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவது தெரிந்தது. நான் ஆபரேஷன் செய்துகொண்டேன். அண்ணன் வேண்டாம் என்றார். படம் ஒன்றுபோல் இருந்தாலும் படுகிற பாடு ஒன்றல்ல. எனக்கு ராத்திரி புரண்டு படுத்தாலே வலியில் விழிப்பு வந்துவிடும். பஸ் படியில் கால் எடுத்து வைக்க முடியாது. முதலில் கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றது, பிறகு கோயிலுக்குப் போவதும் நின்றது. வலி மாத்திரை இல்லாமல் ஒரு பொழுதும் போகாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள உடம்பில் அந்த மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அண்ணனுக்கு மாடிப்படி ஏறும்போதுதான் வலி. காலையில் டீக்கடை வரை நடந்து போய் வருகிறார், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் மயக்க மருந்தின் கவலையும் கூட இருந்தது. நான் ஆபரேஷனுக்குச் சம்மதித்த அன்று அவரையும் வற்புறுத்தினேன். "எனக்கு ராத்திரி தூக்கம் வருது, உனக்கு வரலை. அவ்வளவுதாம்மா வித்தியாசம்" என்றார். மூட்டு மாற்று அறுவை யாருக்கு வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அண்ணன் போன வழிக்கும் மருத்துவ ஆதாரம் உண்டு. டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முழங்கால் மாற்றத் தகுதியானவர்கள் என்று முடிவு செய்யப்பட்ட 100 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு ஆபரேஷனும் அதன்பின் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு போன்றவையும். மற்ற அணிக்கு ஆபரேஷன் இல்லாமல் அந்தப் பயிற்சிகள் மட்டும். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்திருந்தது. ஆனால் கடுமையான பின்விளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். பயிற்சி மட்டும் செய்த 50 பேரில் அந்த ஓராண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 13 பேர்தான். ஆகவே, தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைச் சில மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்காமல் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தாங்கும் பாரத்தில் சுமார் 4 கிலோ குறையும். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம்கூடப் பலருக்குத் தெரிவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, நடை நாளுக்கு நாள் சுருங்குகிறது என்றால், பிறகு தள்ளிப்போடக் கூடாது. "இந்த வயசுக்கு மேல எதுக்கு?" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000-இல் ஒரு முழங்காலையும், 2001-இல் மற்றொன்றையும் மும்பையில் மாற்றிக்கொண்டார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தது. செயற்கை மூட்டு எத்தனை நாள் உழைக்கும் என்ற பயமும் நம் வயதுக்காரர்களுக்கு வேண்டாம். மாற்றிய முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன என்று 2019-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. மறு ஆபரேஷனைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியவர்கள் ஐம்பது வயதில் மாற்றிக்கொள்கிறவர்கள். நாம் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வலிக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்துவிடும், கால் முழுதாக நீளாது. அதன் பிறகு எவ்வளவு நல்ல டாக்டர் மாற்றி வைத்தாலும் அந்தக் காலை நடக்க வைப்பது பெரும்பாடு.

ஆபரேஷனைப் பற்றி முழு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். என் டாக்டர் மாதிரி மூட்டு ஒன்றை மேஜைமேல் வைத்துக் காட்டினார். மூட்டையே எடுத்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தொடை எலும்பின் முனையிலும் கீழ்க்கால் எலும்பின் முனையிலும் தேய்ந்த பகுதியைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, உலோகத்தால் மூடுகிறார்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவே வழுவழுப்பான, உறுதியான பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ கிருமித் தொற்று வரலாம். காலில் ரத்தம் உறையலாம். ஐந்தில் ஒருவர் வரை, எதிர்பார்த்த அளவு திருப்தி இல்லை என்று சொல்கிறார்கள். சம்மணம் போட்டு உட்காருவதும், குந்தி உட்காருவதும், மண்டியிடுவதும் இனி வேண்டாம் என்பார்கள். குனிந்து கோலம் போடலாம், குந்தி உட்கார்ந்து போட முடியாது. கழிப்பறையில் வெஸ்டர்ன் டாய்லெட்டும் சுவரில் கைப்பிடியும் முன்கூட்டியே பொருத்திவிட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சொத்தைப் பல், கால் புண் இருந்தால் ஆற்றிக்கொள்ள வேண்டும். மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதமாவது இடைவெளி விடுவார்கள், இல்லையென்றால் தொற்று அபாயம் கூடும். இவற்றை நாமே நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்.

பாதி வேலையைத்தான் டாக்டர் செய்கிறார். மீதியை நாம் செய்ய வேண்டும். இப்போதெல்லாம் அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் வழுக்குகிற துணியைப் போட்டு, குதிகாலைப் பின்னால் இழுக்க வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுண்டி இழுக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான் படுகிற வலியைப் பார்த்து, மருமகள் பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தாள். பிசியோதெரபி செய்ய வந்த பெண் வந்ததும் வராததுமாக அதை உருவி எடுத்தாள். "இதமாத்தான் இருக்கும்மா. ஆனா கால் மடங்கின மாதிரியே நின்னுடும்" என்று சொல்லி, டவலைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்காலைக் கீழே அழுத்தச் சொன்னாள். அந்தப் பெண்ணால்தான் இன்று என் கால் நேராக நிற்கிறது.

செலவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 'பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது' என்ற எண்ணத்தில்தான் நம்மில் பலர், அதிலும் பெண்கள், வலியை வெளியே சொல்வதே இல்லை. முழங்காலில் பொருத்தும் பாகங்களுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. அதுவரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது நிர்ணயித்த விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாய். பில்லில் அந்தப் பாகத்தின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். அங்கேயும் போய் விசாரியுங்கள்.

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் இன்னும் என்ன செய்ய ஆசைப்படுகிறேன்? அதற்கு இந்த ஆபரேஷன் உதவுமா? பயிற்சியால் முடியாதா? என் உடம்பில் இதற்கு என்ன ஆபத்து? வீட்டுக்கு வந்த பிறகு என்னோடு யார் இருப்பார்கள்? மகனோ மகளோ கூட வந்தால், கேள்வியை நீங்களே கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதிலை எழுதிக்கொள்ளட்டும்.