பிளோசன்பூர்க் சிறை முற்றம்

ஜெர்மனியின் பவேரியாவில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலைக்கிராமம் பிளோசன்பூர்க். குன்றின் மேலே பழைய கோட்டையின் சிதிலம், கீழே கருங்கல் குவாரி. அந்தக் கல்லுக்காகவே 1938-இல் நாஜிகள் இங்கே வதைமுகாம் அமைத்தார்கள். இங்கும் இதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1 லட்சம் பேர். மாண்டவர்கள் ஏறத்தாழ 30,000 பேர்.

முகாமின் சிறைக் கட்டடத்தில் இன்று ஒரு பகுதிதான் மிச்சம். அதன் முற்றத்தில் 1945 ஏப்ரல் 9 அன்று இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 39. முந்தைய இரவில் எஸ்.எஸ். படையினர் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி முடித்திருந்தார்கள். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 23 அன்று, அமெரிக்கப் படை வந்து முகாமை விடுவித்தது.

ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-லேயே யூதர்களுக்காகத் திருச்சபை வாய் திறக்க வேண்டும் என்று எழுதியவர் போன்ஹோஃபர். அரசைக் கேள்வி கேட்பதும், அடிபட்டவர்களைத் தாங்குவதும் மட்டுமல்ல, தேவையானால் அரசையே தடுத்து நிறுத்துவதும் திருச்சபையின் கடமை என்றார். அவர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியை 1937-இல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ மூடியது. 1939-இல் நியூயார்க் போனவர் அங்கேயே பத்திரமாக இருந்திருக்கலாம். சில வாரங்களிலேயே கப்பலேறித் திரும்பினார். பிறகு ராணுவ உளவுத்துறைக்குள் ஹிட்லருக்கு எதிராகச் செயல்பட்ட குழுவில் சேர்ந்தார். 1943-இல் கைதானார்.

அவர் செத்த பிறகு நடந்ததுதான் மனதை இன்னும் அறுக்கிறது. கைதிகளின் கொட்டகைகள் இருந்த சரிவில் வீடுகள் எழுந்தன. 1960-களில் சிறைக் கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்தார்கள். 1953-இல் ஊர்த் தேவாலயத்தில் அவருக்கு நினைவுப் பலகை வைத்தபோது, பவேரிய லூத்தரன் பேராயர் மைசர் வர மறுத்தார். போன்ஹோஃபர் அரசியலுக்காகச் செத்தவர், விசுவாசத்துக்காக அல்ல என்பது அவர் எண்ணம். அண்டைவீட்டு யூதரை இழுத்துப்போகும்போது தடுக்க எழுவது விசுவாசம் இல்லையென்றால், வேறு எதைத்தான் விசுவாசம் என்பது? 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் இன்னும் மோசமாக நடந்துகொண்டது. அந்த இரவு விசாரணையின் நீதிபதியான தோர்பெக்கை விடுதலை செய்தது. நாஜி காலத்து அநீதித் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 1998-இல்தான் வந்தது.

இன்று அங்கே நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். போகிறவர்கள் போன்ஹோஃபரின் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். பள்ளத்தில், தகன உலைக்கு அருகே, பெயர் தெரியாதவர்களின் சாம்பல் மேடு இருக்கிறது. அங்கும் போய் வாருங்கள்.