சொல்லாத வீடுகள்

2022-இல் ஒரு மலேசியக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட் என்கிறது புள்ளிவிவரத் துறை. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு: 6,338. எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் சரிநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது, மீடியன். இரண்டும் உண்மைதான். எதை முதலில் சொல்றோம் என்பதில்தான் அரசியல் இருக்கு.

பல பதிவுகளை ஒரே விடையாகச் சுருக்கும் வேலையைத் தரவுத்தளத்தில் அக்ரிகேட் பங்ஷன்கள் செய்கின்றன. கூட்டல், சராசரி, எண்ணிக்கை எல்லாம் கூடவே வரும். வேறு வேண்டுமென்றால் நாமே எழுதிக்கொள்ளலாம். நம் கைப்பேசிகளுக்குள்ளும் இருக்கும் எஸ்க்யூலைட்டில் பைத்தான் வழியாக இது சுலபம். ஒரு கிளாஸ், அதற்குள் இரண்டு மெத்தட். 'ஸ்டெப்' ஒவ்வொரு பதிவுக்கும் ஒருமுறை ஓடும். 'ஃபைனலைஸ்' கடைசியில் ஓடி விடையைத் தரும்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து, தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் வாழும் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் 40 வீடுகளைக் கணக்கெடுத்தோம். 11 வீடுகளில் வருமானத்தைச் சொல்லவில்லை. "அத மட்டும் எழுதாதீங்க தம்பி, மத்ததெல்லாம் கேளுங்க" என்றார் ஓர் அக்கா, தேத்தண்ணி கொடுத்தபடியே. கட்டம் காலியாக இருந்தது. கணினி மொழியில் அது 'நல்'.

தயாராக வரும் சராசரி பங்ஷன், 'நல்'லைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். 29-ஆல் வகுத்து விடை சொல்லும், 11 வீடு விட்டுப்போனதைச் சொல்லாது. நாமே எழுதும் 'ஸ்டெப்'புக்கோ காலிக் கட்டமும் வந்து சேரும். அதை என்ன செய்வது என்று நாம்தான் எழுதணும். பூஜ்யம் என்று போடலாமா? அந்த அக்கா வருமானம் இல்லை என்று சொல்லவில்லையே, சொல்ல விருப்பமில்லை என்றுதானே சொன்னார். அதனால் சொன்னவர்களைத் தனியாகவும் சொல்லாதவர்களைத் தனியாகவும் சேர்த்துவைத்தேன். 'ஃபைனலைஸ்' ஒரே ஒரு மதிப்பைத்தான் தரமுடியும் என்பதால் அதை ஒரு வாக்கியமாக்கினேன்: நடுவில் நிற்கும் 15-ஆவது வீட்டின் வருமானம், பக்கத்திலேயே '40-இல் 11 வீடு சொல்லவில்லை.'

"ஒரு நம்பர் போதும்லா, மத்தத யாரு படிப்பா?" என்றான் குழுவில் ஒருவன்.

நீக்குவது இன்னும் சுலபம். பங்ஷனைப் பதிவுசெய்த அதே கட்டளையில், கிளாஸ் இருந்த இடத்தில் 'நன்' என்று கொடுத்தால் போதும். 40 பதிவுகளும் அப்படியே இருக்கும். பழைய பெயரில் கேட்டால் மட்டும், அப்படியொரு பங்ஷனே இல்லை என்று பதில் வரும். சொல்லப்போனால் நீக்கவே வேண்டாம். எஸ்க்யூலைட்டில் இந்த பங்ஷன் இணைப்பில்தான் வாழ்கிறது, கோப்பில் இல்லை. இணைப்பை மூடினால் போய்விடும். கோப்பைப் பென்டிரைவில் ஒருவருக்குக் கொடுத்தால் தரவு போகும், நாம் எண்ணிய விதம் போகாது. அவர் சாதாரணச் சராசரியைப் போடுவார். 11 வீடுகள் மறுபடியும் காணாமல் போகும்.

போஸ்ட்கிரெஸ் வேறு மாதிரி. அங்கே அக்ரிகேட் தரவுத்தளத்துக்குள்ளேயே தங்கும். அதை நம்பி ஒரு வியூ இருந்தால், 'டிராப்' என்றதும் மறுத்துவிடும். 'கேஸ்கேட்' என்று சேர்த்துச் சொன்னால்தான், நம்பியிருந்த வியூவையும் இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். எதை அழிக்கிறோம் என்று ஒருமுறையாவது கேட்கிறதே.

நாங்கள் எஸ்க்யூலைட்டில்தான் இருக்கோம். அதனால் கோப்பை யாருக்கு அனுப்பினாலும் அந்த கிளாஸையும் சேர்த்தே அனுப்புகிறேன். 'நல்'லைக் கையாளும் வரிக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பு இருக்கும்: இவர்கள் கேட்கப்பட்டார்கள், சொல்ல விரும்பவில்லை.