வர்க்கி கிடைக்கும், தைலம் கிடைக்கும்... ரிவால்வர்? நீலகிரியில் ஒரு தேடல்!

ஊட்டிக்குப் போகிறவர்கள் பையில் என்னென்ன வாங்கி வருவார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வர்க்கி, யூகலிப்டஸ் தைலம், ஹோம்மேட் சாக்லேட், அரை கிலோ டீத்தூள், குளிர் தாங்காமல் அவசரத்துக்கு வாங்கிய ஒரு ஸ்வெட்டர். நான் போன வாரம் மலையேறியது பழைய ரிவால்வர் தேடி. பயப்படாதீர்கள். வாங்க முடியுமா, முடியாது என்றால் ஏன் என்று பார்த்துவிட்டு வரத்தான்!

எல்லாம் ஒரு வீடியோவால் வந்த வினை. அமெரிக்காவில் 'கன் ஷோ' என்று ஒன்று நடக்கிறது. நம் ஊர் புத்தகக் காட்சி மாதிரி பெரிய அரங்கம், வரிசை வரிசையாக மேஜைகள். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் நடப்பது இந்த வகையில் ரொம்பப் பிரபலம். மேஜைகளில் புத்தகங்களுக்குப் பதில் துப்பாக்கிகள். நூறு வருஷத்துக்கு முந்தைய ரிவால்வரைக் கையில் எடுத்து, உருளையைச் சுழற்றிப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிறார்கள். 'பில்லி தி கிட்' என்ற கொள்ளைக்காரனை 1881-ல் சுட்டுக் கொன்ற கோல்ட் ரிவால்வர், 2021-ல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 45 கோடி ரூபாய்.

நம் ஊரில் வெள்ளைக்காரத் துரைகள் வாழ்ந்த, வேட்டையாடிய, கிளப் நடத்திய மலை நீலகிரி. அவர்கள் விட்டுப்போன பீங்கான், கடிகாரம், கிராமபோன் எல்லாம் இன்னும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. அப்படியானால் அவர்களின் ரிவால்வர்கள் எங்கே?

ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போலீஸா தம்பி?" என்றார். பத்திரிகை என்றதும் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். பித்தளைக் கீல், உள்ளே நிறம் மங்கிய பச்சைத் துணி. துணியில் ரிவால்வர் வடிவத்திலேயே ஒரு பள்ளம். பக்கத்தில் தோட்டாக்களுக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் தனித்தனிக் குழிகள். எல்லாம் காலி.

"பெட்டி கிடைக்கும், தோல் உறை கிடைக்கும், துப்பாக்கி மாட்டி வைக்கிற அலமாரி கிடைக்கும். துப்பாக்கி மட்டும் கிடைக்காது. கிடைச்சாலும் நான் தொட மாட்டேன்" என்றார். பெட்டியின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. நானும் தொடவில்லை.

அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி விற்றால் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. பழசு, அழகுக்கு வைத்திருக்கிறேன், ஷோகேஸில்தான் இருக்கிறது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. சட்டத்தின் 45-வது பிரிவில் ஒரு சின்ன விலக்கு உண்டு. வழக்கொழிந்த மாதிரியாகவோ, தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 'ரிப்பேர் செய்தாலும்' என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். நூறு வயது ரிவால்வர் பலவற்றைத் துருவைத் துடைத்து எண்ணெய் போட்டால் மறுபடி சுடும்!

மலைக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. அது அவ்வளவு இனிமையான கதையும் இல்லை. 1878-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி, இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வாங்க வேண்டும். ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அதாவது, துரையின் பங்களாவில் துப்பாக்கி இருந்தால் அது வீட்டுச் சாமான். அதே தோட்டத்துத் தொழிலாளியின் லயத்தில் இருந்தால் குற்றம். அடுத்த வருஷமே, 1879-ல், நீலகிரிக்கென்று தனியாக வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பு என்றதும் கருணை என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குள் துரைமார் சுட்டுத் தள்ளியதில், சுடுவதற்கு விலங்கு இல்லாமல் போய்விடுமோ என்ற கவலை அவர்களுக்கே வந்துவிட்டது. இதற்காக 1877-லேயே சங்கமும் வைத்துவிட்டார்கள்.

அதிகம் அடிபட்டவற்றில் ஒன்று நம் மாநில விலங்கான வரையாடு. அதற்குத் துரைகள் வைத்திருந்த பெயர் 'நீலகிரி ஐபெக்ஸ்'. 2024-ல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தே 1,031 வரையாடுகள்தான் தெரிந்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு இந்த மலையின் வேட்டைக் காலம் முடிந்தது. மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஊட்டி கிளப்பின் சுவர்களில் பாடம் செய்த விலங்குத் தலைகள் உண்டு. உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால் நான் வாசலோடு திரும்பிவிட்டேன். ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் 1882-ல் எழுதப்பட்ட இடமும் இதே கிளப்தான்.

வேட்டைக்குப் பெரும்பாலும் ரைஃபிள்தான். ரிவால்வர் இடுப்புத் துணை. அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் வைத்திருந்ததில் புகழ்பெற்றது வெப்லி. 1887-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் நுழைந்த மாடல். நடுவில் ஒரு கீல், அமுக்கினால் துப்பாக்கியே இரண்டாக மடங்கும். மடங்கும்போதே ஆறு காலித் தோட்டாக் குப்பிகளும் ஒரே தள்ளலில் வெளியே வந்து விழும். பழைய ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போரில் வந்த ஆறாம் மாடல் ஒரு கிலோவுக்கு மேல் கனம்.

அந்தத் தோட்டாக்களுக்குள் இருந்த மருந்துக்கும் நீலகிரிக்கும் ஒரு சொந்தம் உண்டு. அதைப் பார்க்க மியூசியம் போக வேண்டாம், டாய் ட்ரெயினில் ஏறினால் போதும். ஊட்டியிலிருந்து லவ்டேல், கேத்தி தாண்டினால் அருவங்காடு. இங்கே இருப்பது கார்டைட் தொழிற்சாலை. கறுப்பு வெடிமருந்தில் சுட்டால் ஒரே புகை. சுட்டவருக்கே எதிரில் இருப்பது தெரியாது. அதற்கு மாற்றாக 1889-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த புகை குறைந்த மருந்துதான் கார்டைட். கயிறு போல, நூடுல்ஸ் இழை போல இழுத்து எடுப்பதால் அந்தப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அரசு அதை இந்தியாவிலேயே செய்ய இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தது. தொழிற்சாலைக்கு மின்சாரம் தர, பக்கத்துக் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையமும் அமைத்தது. இந்தியாவின் ஆரம்பகால நீர்மின் நிலையங்களில் அதுவும் ஒன்று. 2021 அக்டோபரில் இருந்து தொழிற்சாலை, மியூனிஷன்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. உள்ளே யாரையும் விட மாட்டார்கள், போட்டோவும் கூடாது. ரயில் ஜன்னல் வழியாக மரங்களுக்கு நடுவே தெரியும் கூரைகளைப் பார்த்துக்கொள்ளலாம். என் எதிர் சீட்டில் இருந்த குடும்பம் அந்த நேரத்தில் சுண்டல் பிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நிறுத்தம் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமும், ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் இருக்கிற ஊர். அதையும் தாண்டினால் குன்னூர்.

குன்னூரில் நான் சந்திக்கப் போனது, ஒரு டீ எஸ்டேட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரை. பஸ் கண்டக்டர் இல்லை. எஸ்டேட் பாஷையில் கண்டக்டர் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் அதிகாரி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பா பெயரில் இருந்து, முறைப்படி இவர் பெயருக்கு மாறிய .32 ரிவால்வர் ஒன்று இவரிடம் இருக்கிறது. இங்கிலாந்துத் தயாரிப்பு.

"ஐயா, இதுக்கு இன்னைக்கு என்ன விலை போகும்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் தம்பி எல்லாரும் கேக்குறாங்க. எனக்கு வேண்டியது விலை இல்ல, ஆள்" என்றார்.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர்கள் இறக்குமதி செய்ய 1980-களின் நடுவிலிருந்தே கட்டுப்பாடு. அதனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு உரிமம் வைத்திருப்பவர்களிடையே பெரிய மவுசு. அரசுத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரை அறிமுகப்படுத்தியபோதே விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். பழைய வெளிநாட்டுச் சரக்கு அதைவிடப் பல மடங்கு போகும். ஆனால் வாங்குகிறவரிடம் உரிமம் இருக்க வேண்டும், அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். முன்பு மூன்று. அதாவது, சட்டப்படி 'கலெக்‌ஷன்' என்றால் இரண்டோடு சரி!

ராணுவத் தோட்டாவை ஏற்கும் அளவு என்றால் சாதாரணமானவர்களுக்கு உரிமமே கிடைக்காது. நம்மூரில் உரிமத்தோடு இருக்கும் ரிவால்வர்கள் பெரும்பாலும் .32 ஆக இருப்பது இதனால்தான்.

பெரியவரின் பிரச்னை வேறு. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற விதி இடம் தருகிறது. வாரிசு விண்ணப்பிக்க வேண்டும், காவல்துறை விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் உண்டு. கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகனுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. "வீட்ல ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்கு, அது எதுக்குப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். எனக்கு மகன் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அப்பாவின் அப்பா காலத்திலிருந்து துடைத்துத் துடைத்து வைத்த ஒரு பொருளை, 'எதுக்குப்பா' என்ற வார்த்தையால் ஒதுக்கும்போது அந்தப் பெரியவர் முகம் போன போக்கையும் பார்த்தேன்.

முடிவு எடுக்காமலே அவர் இறந்துபோனால்? குடும்பத்தார் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. பழைய பங்களா, தாத்தா வீட்டுப் பரண், டிரங்க் பெட்டி என்று எங்காவது துப்பாக்கி கண்ணில் பட்டாலும் இதேதான். எடுத்துச் சுழற்றிப் பார்க்காதீர்கள், செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள், தெரிந்தவர் மூலம் விற்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அது சுடுமா சுடாதா என்பதை முடிவு செய்யும் வேலை நம்முடையது இல்லை.

துப்பாக்கியைப் பகிரங்கமாகக் கொண்டாடும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது தனிக்கதை. முதுமலை வழியாக மைசூரு போய் மேற்கே திரும்பினால் குடகு. அங்குள்ள கொடவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே ஆயுத உரிமத்தில் விலக்கு உண்டு. 2029 வரை மத்திய அரசு அதை நீட்டித்திருக்கிறது. செப்டம்பரில் வரும் கைல்போத் பண்டிகையில், நாம் ஆயுத பூஜைக்கு அரிவாள்மனைக்கும் பைக்குக்கும் பொட்டு வைப்பதுபோல, அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைக்கிறார்கள். தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டியும் உண்டு.

பார்த்தால் போதும், வாங்க வேண்டாம் என்பவர்களுக்குச் சென்னைதான் வசதி. ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் பழைய கைத்துப்பாக்கிகளும் நீளத் துப்பாக்கிகளும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. குழந்தைகளோடு போகலாம்.

குன்னூர்ப் பெரியவரிடம் அந்த ரிவால்வரை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். வீட்டில் இல்லை என்றார். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள் இல்லையா? 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கொடுத்தது. தேர்தல் முடிந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகும் இவர் போகவில்லை. ரசீதை மட்டும் உரிமப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

அதன் தோல் உறை வாசல் ஆணியில் தொங்கியது. உள்ளே ஒரு டார்ச். ராத்திரியில் காட்டெருமை வாசல் வரை வருகிறதாம்.